மேனேஜரின் பின்னங்கால்

என் அக்கா வீட்டுக்காரரை எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் முதலில் அவர் மூக்கைப் பார்ப்பார்கள். மூக்கில் ஒன்றும் இருக்காது. அவர் பாலிஷ் போட்ட தரையில் குனிந்தால் பார்க்கிறவன் முகம் தெரியும், அதனால் வந்த பெயர் அது. மொசைக்கோ சலவைக்கல்லோ, மிஷினைத் தொட்டுவிட்டார் என்றால் சாப்பாடு தண்ணீர் மறந்துபோகும். அந்த மிஷினை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியை ஓட்டுகிறவன் நான். கீழ் வீட்டில் அவர்கள், மாடியில் நான். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பது வேறு கதை, அதை என் அக்காவிடம் கேட்டால் விடிய விடியச் சொல்லுவாள்.

கண்ணாடி பயப்பட்டு நான் பார்த்ததில்லை. கணுக்கால் வரை சேறும் தண்ணீரும் நிற்கும், அதற்குள் ஒட்டுப்போட்ட மின்சார வயர் பாம்பு மாதிரி கிடக்கும், மனுஷன் வெறுங்காலோடு உள்ளே நின்று மிஷினை இழுத்துக்கொண்டிருப்பார். நான்தான் வாசலைத் தாண்ட மாட்டேன். "கரண்டுக்கு நம்மளைத் தெரியும் மச்சான்" என்பார். இப்படிப் பேசுகிற ஆளிடம் என்ன சொல்வது.

அவருடைய வீட்டுக் கூடம்தான் அவருக்குக் கடை. புது வாடிக்கையாளர் யாராவது இழுத்தடித்தால் நேரே வீட்டுக்கு அழைத்து வந்து வாசலில் நிறுத்துவார். வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி கால் வைப்பார். "பார்த்து வாங்க, நம்ம தரையில எறும்பு நடந்தாலும் வழுக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். வேலை கிடைத்துவிடும். என் அக்கா மட்டும் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும்போது ஒரு கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே வருவாள். அந்தச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு அழுக்காக ஒரு கோடு இருக்கும். கண்ணாடி வெள்ளையடித்து அடித்துச் சலித்துப்போனார். "உங்க அக்காவுக்கு என்னைவிடச் சுவர் மேலதான் பாசம்" என்பார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சோடிப் போயிருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு பெரிய வீட்டில் தரை வேலை முடித்தபோது அங்கே ஒரு பெட்டை நாய் குட்டி போட்டிருந்தது. காதும் காலும் பெரிதாக, பெரிய உருவ நாய். அந்த வீட்டம்மா ஒரு குட்டியைத் தூக்கி இவர் கையில் வைத்தார். வேலை முடிந்து வெள்ளைச் சேறு காய்ந்த கையோடு அதை வாங்கி, சட்டைக்குள் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறியவர், வீடு வரும்வரை என்னை நாற்பதுக்கு மேல் வேகம் எடுக்க விடவில்லை.

குட்டி வளர்ந்த வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வருஷம் திரும்புவதற்குள் கன்றுக்குட்டி அளவு வந்துவிட்டது. காலையில் நாங்கள் மிஷின் ஏற்றும்போது வாசலில் உட்கார்ந்து, மிஷினில் மாட்டுகிற தேய்ப்புக் கல், வயர், வாளி என்று ஒவ்வொன்றையும் மோந்து பார்த்த பிறகே விடும். அதனால் மேனேஜர் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டது. "மேனேஜர் சாப்பிட்டாரா?" "மேனேஜர் தூங்கறார், சத்தம் போடாதே." எனக்கு அந்த வீட்டில் ஒரு நாளும் கிடைக்காத மரியாதை அது.

முதலில் கண்ணில் பட்டது ஓட்டம்தான். மேனேஜர் ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முயல் மாதிரித் தாவுவார். தெருவே பார்த்துச் சிரித்தது, நாங்களும் சிரித்தோம். நடந்தால் பின்பக்கம் இப்படியும் அப்படியும் ஆடும். உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு காலை வெளியே தள்ளி உட்காருவார். "மேனேஜர் நாற்காலியில உட்கார்ந்த பழக்கம்" என்று நான் ஜோக்கடித்தேன். பிறகு காலையில் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டார். முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்து, நின்று, கொஞ்சம் யோசித்து, அப்புறம்தான் முதல் அடி. ஒன்றரை வயதுகூட ஆகாத நாய் கிழவனைப் போல எழுந்தது. ஒருநாள் வண்டியில் தாவி ஏற முடியாமல் முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

எதிர்வீட்டில் ஒரு பென்ஷன்காரர் இருக்கிறார். யார் வீட்டுச் சமாசாரமானாலும் கேட்காமலே தீர்ப்புச் சொல்லுவார். வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "பின்னங்கால் போச்சுங்க. பெரிய உருவ நாய்க்கெல்லாம் இப்படித்தான். டாக்டர்கிட்ட கொண்டு போனா ஒரே ஊசி, கதை முடிஞ்சுது. அதுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி" என்றார். சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு பேச்சு.

கண்ணாடியின் முகத்தை நான் அப்போது பார்த்திருக்கக் கூடாது. வாய் சிரிக்கிற மாதிரி இருந்தது, கண் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஊசி என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. அக்கா பட்டன் தைக்க ஊசி தேடினால்கூட அவர் எழுந்து வெளியே போய்விடுவார். வேலை செய்யும்போது மிஷின் பிடியில் அவர் கை இறுகும், தளரும், மறுபடி இறுகும். ஒரு வீட்டில் ஓரத்துக்குப் பாலிஷ் போடாமலே வந்துவிட்டார். இருபது வருஷத்தில் நடக்காதது அது.

"டாக்டர்கிட்ட காட்டலாம் மாமா" என்றேன்.

"காட்டினா என்ன சொல்லுவாங்கன்னு தெரியாதா? சும்மா இரு."

அதற்கப்புறம் மேனேஜரை ஒளித்து வைக்க ஆரம்பித்தார். தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வெளியே கூட்டிப் போவார். யாராவது வந்தால் மேனேஜர் எழுந்திருக்காதபடி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருப்பார். பலம் போதவில்லை என்று நினைத்து முட்டை, பால், கறி என்று ஊட்டித் தள்ளினார். மேனேஜர் உருண்டு திரண்டு போனார். தான் குறுக்கு வலிக்குப் போடுகிற எண்ணெயை எடுத்து இடுப்பில் தேய்த்தார். அவர் செய்யாதது ஒன்றுமில்லை, செய்ய வேண்டியது ஒன்றைத் தவிர.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷினை வீட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார். இருக்கிற பளபளப்பு போதாதென்று கூடத்துக்கு மறுபடி பாலிஷ். "கால் வலிக்கிறவருக்கு வழவழன்னு தரை இருந்தா நோகாம நடப்பாரு மச்சான். சொரசொரப்புத்தான் மூட்டை இழுக்குது" என்றார். தரையைத் தவிர வேறு மருந்து தெரியாத மனுஷன். இருக்கிறதிலேயே நைசான கல்லைப் போட்டு ஓட்டி, மெழுகு பூசி, துணியால் தேய்த்து, மாலைக்குள் கூடத்தைக் குளம் மாதிரி ஆக்கிவிட்டார். நானும்தான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன்.

மறுநாள் காலை நான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். வாசலில் பால்காரர் மணி அடித்தார். மேனேஜர் வழக்கம்போலச் சோதனை போட எழுந்து ஓடினார். நகம் தரையில் கிறீச்சிட்ட சத்தம் கேட்டது. பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக விரிந்து, வயிறு தரையில் மோதியது. அப்போது வந்த குரலை நான் நாய்க்குரல் என்று சொல்ல மாட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. கண்ணாடி ஓடிவந்து, தன் தரையில் தானே வழுக்கி, முழங்காலில் விழுந்து, அப்படியே தவழ்ந்து போய் அதைக் கட்டிக்கொண்டார். அது கத்திக்கொண்டே அவர் கையைக் கடித்தது. அவர் கையை எடுக்கவில்லை.

பழைய போர்வையில் வைத்து நாலு மூலையையும் பிடித்து வண்டியில் ஏற்றினோம்.  அவர் பின்னால் மேனேஜரின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வண்டியில் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன், மனுஷனுக்குப் பல் கிட்டிப்போய் இருந்தது. பிரேக் போடும்போதெல்லாம் "மெதுவா" என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு. ஒரு அம்மாள் கூடையில் பூனையோடு இருந்தார். உள்ளிருந்து டெட்டால் நெடி. டாக்டர் ஒரு பெண், என் மகள் வயதிருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். மேனேஜரின் காலை அவர் மெல்ல மடக்கி நீட்டும்போது கண்ணாடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லம்மா. இதைப் பாதி குடுக்கலாம்னு எடுத்து வச்சேன்." சட்டைப் பையிலிருந்து தன் முதுகுவலி மாத்திரையை எடுத்து நீட்டினார்.

டாக்டர் அதை வாங்கித் தன் மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். "நல்ல வேளை குடுக்கல. நம்ம வலி மாத்திரை நாய்க்கு வயித்தைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். உயிரே போகலாம்" என்றார். கண்ணாடிக்கு நெற்றி வேர்த்துவிட்டது. முந்தின நாள் அந்த மாத்திரையை உடைக்கக் கத்தி தேடியவர் அவர். கத்தி கிடைக்காததால் மேனேஜர் பிழைத்தார்.

"இடுப்பைப் படம் எடுக்கணும். அசையாம படுக்கணும், அதனால மயக்க ஊசி போடப் போறோம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் கைகாட்ட, உதவியாளர் தட்டோடு வந்தார். தட்டைப் பார்த்த கண்ணாடி மேசைக்கும் உதவியாளருக்கும் நடுவில் போய் நின்றுவிட்டார். அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, சும்மா நின்றார். 

"வேண்டாம்மா. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். தூக்கிக்கிட்டே இருக்கேன். எனக்கு பலம் இருக்கு."

இவருக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "ஐயா, படம் எடுத்ததும் எந்திரிச்சுடுவான். நீங்க பக்கத்துலயே நில்லுங்க. முழிக்கிற வரைக்கும் கையை அவன் மேலேயே வச்சுக்கங்க."

"எந்திரிப்பாரா?"

"எந்திரிப்பாரு" என்றார் டாக்டர். அவரும் மரியாதைக்கு மாறிவிட்டார்.

மேனேஜரின் கண் மூடி, நாக்கு ஓரமாகத் தொங்கி, அத்தனை பெரிய உடம்பு துணி மாதிரி ஆனபோது நான் போர்வையை மடிக்கத் தொடங்கினேன். படம் எடுத்து வெளியே கொண்டுவந்து கிடத்திய பிறகும் முழிப்பு வரவில்லை. கண்ணாடி அதன் விலாவில் கையை வைத்துக்கொண்டு, கை மேலே எழும்பினால் மூச்சு விடுவார், இறங்கினால் நிறுத்திக்கொள்வார். நாய் நிதானமாகத்தான் மூச்சு விட்டது. எனக்குப் பயம் இவர் மயங்கி விழுந்துவிடுவாரோ என்று. கடைசியில் வால் நுனி ஒருமுறை அசைந்தது. அவர் கீழே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். ஒரு கையைக் கிண்ணம் மாதிரி குவித்து, இன்னொரு கையை முஷ்டியாக்கி அதற்குள் வைத்துத் திருப்பிக் காட்டினார். "இடுப்புல இப்படி ஒரு குழி. தொடை எலும்போட பந்து அதுக்குள்ள கச்சிதமா உட்காரணும். இவருக்குக் குழி ஆழமில்ல. பந்து உள்ள நிக்காம வழுக்கி வழுக்கி வெளிய வருது. ஒவ்வொரு தடவையும் உரசித் தேயுது. பிறப்புலயே வர்றது. தாய்க்கு இருந்திருக்கும்." அந்தப் பெரிய வீட்டுப் பெட்டை நாய் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்ப... முடிஞ்சுதா?" என்றார் கண்ணாடி.

"யாரு சொன்னா முடிஞ்சுதுன்னு? முழுசா சரியாகாது, ஆனா நல்லா வாழலாம். முதல்ல எடையைக் குறைக்கணும், இவ்வளவு பாரத்தை அந்த மூட்டு தாங்காது. குதிக்க விடாதீங்க, படி ஏற விடாதீங்க. கயித்துல பிடிச்சு தினமும் கொஞ்ச தூரம் நிதானமா நடத்துங்க, தசை பலமானா மூட்டைப் பிடிச்சு வைக்கும். வெந்நீர் ஒத்தடம் குடுங்க. வலிக்கு நான் எழுதற மாத்திரை மட்டும். அப்புறம் திரும்பப் படம் எடுத்துப் பார்த்து, தேவைன்னா ஆபரேஷன் பத்திப் பேசுவோம். இப்பவே கால் முழுசா கழண்டிருக்கணும், மயிரிழையில தப்பிச்சிருக்காரு. இன்னொரு தடவை இதே மாதிரி விழுந்தா நான் எதுவும் சொல்ல முடியாது." பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்து, "வீட்டுத் தரை எப்படி?" என்றார்.

கண்ணாடி என்னைப் பார்த்தார். பால்காரர் மணி அடித்ததைச் சொல்லுவாரா, நேற்று பூசிய மெழுகைச் சொல்லுவாரா.  நான்தான் சொன்னேன்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே ரப்பர் விரிப்பு வாங்கினோம். கூடத்தில் விரித்து, மேனேஜரை வண்டியிலேயே விட்டுவிட்டு, கண்ணாடி முதலில் தான் ஏறி நின்று பார்த்தார். மெழுகின் மேல் விரிப்பு நிற்குமா? அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் அலமாரியில் முட்டியது. ஓரத்தில் நாடா ஒட்டினோம், நாடா உரிந்து வந்தது. சாக்கு போட்டோம், சாக்கும் ஓடியது. எறும்பு வழுக்கும் என்று பத்து வருஷமாகப் பெருமை அடித்த தரை, அன்றைக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

அவர் கொஞ்ச நேரம் கூடத்து நடுவில் நின்றார். தரையில் அவர் உருவம் தலைகீழாகத் தெரிந்தது.

"மச்சான், மிஷினை எடுத்து வா. இருக்கிறதுலயே மொரடான கல் எது, அதை எடுத்து வா."

"மாமா, ஒரு தடவை யோசிங்க. ஆளுங்க வந்து பார்க்கிற தரை."

"எனக்கு இந்தத் தரையைப் பார்த்தா பயமா இருக்குடா" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

புதுத் தரையை முதன்முதலில் வெட்டும்போது போடுகிற கல் அது. முடித்த தரையில் அதை யாரும் வைக்க மாட்டார்கள், பைத்தியம் பிடித்தால் ஒழிய. அவர் வைத்தார். மிஷின் அலறியது. மெழுகு பிசுபிசுத்துச் சேறோடு வந்தது, பளபளப்பு வட்டம் வட்டமாகச் செத்தது. ஒரு தரையை அவர் நைசாக்கி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு ஓரமாகக் கெடுப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கெடுப்பதையும் ஒழுங்காகவே கெடுத்தார், ஒரு மூலை விடவில்லை. கழுவித் துடைத்துக் காய்ந்ததும் கூடம் சாம்பல் பூத்துக் கிடந்தது. குனிந்து பார்த்தால் யார் முகமும் தெரியவில்லை.

மேனேஜரைத் தூக்கி வந்து வாசலில் நிறுத்தினோம். அவர் உள்ளே வரவில்லை. காலையில் விழுந்த இடத்தைப் பார்த்தபடி நின்றார், பின்பக்கம் நடுங்கியது. கண்ணாடி கூப்பிடவில்லை. கூடத்தின் நடுவில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டார்.  வழுக்கினால் தீர்ந்தது, டாக்டர் சொன்னது காதில் நின்றது. மேனேஜர் ஒரு முன்னங்காலை உள்ளே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அப்புறம் அடுத்தது. பின்னங்கால் ஒன்று கொஞ்சம் விலகியது. விலகிய இடத்தில் நின்றது, வழுக்கவில்லை. தட், தட் என்று ஒவ்வொரு காலாக ஊன்றி வந்து, கண்ணாடியின் கையில் காலையில் தான் கடித்த இடத்தை மோந்து பார்த்துவிட்டு, அவர் மேல் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த மனுஷன் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போது அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். ஒரு கையில் மேனேஜரின் சோற்றுக் கிண்ணம், டாக்டர் சொன்னபடி பாதிதான். இன்னொரு கையில் வெந்நீர்ச் சட்டி. கூடத்தின் நட்டநடுவில் நேராக நடந்து வந்தாள். எனக்கு என்னவோ வித்தியாசமாகப் பட்டது. கண்ணாடிக்கும் பட்டிருக்க வேண்டும், துண்டை இறக்கிவிட்டு அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுவரைப் பிடிக்காம வர்றே?"

"இப்பத்தான் கால் நிக்குதுங்களே" என்றாள் அக்கா, கிண்ணத்தைக் கீழே வைத்தபடி.

"முன்னாடி நிக்காதா?"

"முன்னாடி பயம். நீங்க இந்தத் தரையைப் போட்ட நாள்ல இருந்து பயம்தான். ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிக்கக்கூடப் பயம். ரெண்டு தடவை விழுந்திருக்கேன். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க."

"ஏன் சொல்லல?"

அக்கா வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள். "நாலு பேரைக் கூட்டிட்டு வந்து காட்டறீங்க. உங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம். எப்படிச் சொல்றது? மேனேஜரு கத்தினாரு, நான் கத்தல. அவ்வளவுதான்."

 மேனேஜர் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தார், பாதிச் சோறு அதற்குள் காலி. கண்ணாடி மெல்ல எழுந்தார்.

"எங்க விழுந்தே?"

"ஒண்ணு இங்க. ஒண்ணு உள்ள, அடுப்பு பக்கத்துல. கொதிக்கிற குழம்போட."

அவர் சமையலறை வாசல் வரை போய் உள்ளே பார்த்தார். அங்கேயும் அவர் போட்ட பாலிஷ்தான், ஜன்னல் அப்படியே தரையில் தெரிந்தது. குனிந்து அடுப்புக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கை வழுக்கிக்கொண்டு போனது.

நான் வயரைச் சுற்றத் தொடங்கியிருந்தேன்.

"மச்சான், மிஷினை ஏத்தாதே" என்றார், என் பக்கம் திரும்பாமல். "சமையலறை பாக்கி இருக்கு."